சுத்துதுன்னு ஃபோன் வந்தா எங்கேருந்து தேடணும்

"அண்ணே, சுத்துது."

வீடியோ ஓடாம ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்குன்னு நமக்கு வர்ற கம்ப்ளைன்ட்ல முக்காவாசி இந்த ரெண்டு வார்த்தைதாங்க. ஊர்க் கோயில் கும்பாபிஷேகம் முடிஞ்ச அன்னிக்கு ராத்திரி சிங்கப்பூர்லேருந்து ஒருத்தர், துபாய்லேருந்து ஒருத்தர், திருப்பூர்லேருந்து நாலு பேரு, பக்கத்துத் தெருவுலேருந்து நம்ம சித்தப்பா, எல்லாருக்கும் அதே ரெண்டு வார்த்தைதான், ஆனா ஒவ்வொருத்தர் ஸ்க்ரீன்ல சுத்தறதுக்கும் காரணம் வேற வேற. நான் மன்னார்குடி பக்கத்துல கோயில் விசேஷம், நாதஸ்வரக் கச்சேரி, கூத்து, விவசாயப் பயிற்சின்னு எடுத்து சொந்த சர்வர்ல வச்சு ஓட்டிட்டு இருக்கேன், லைவ் கெடையாது, அவங்கவங்க நெனைச்ச நேரத்துக்கு பாக்கறதுதான். சுத்துதுன்னு சொன்னா எல்லாரும் ஒடனே "நெட்டு ஸ்லோ"ங்கறாங்க. கடைமடைக்குத் தண்ணி வரலன்னா மேட்டூர்ல தண்ணி இல்லன்னு நம்ம ஊர்ல யாராவது சொல்லுவாங்களா? டேம்ல 120 அடி முழுசா நிக்கறப்பவே தலைஞாயிறு பக்கம் காஞ்சு கெடக்கும், நடுவுல எங்கயோ வாய்க்கா தூர் வாரியிருக்காது, இல்ல மேல ஒருத்தர் மதகைத் தூக்கி வச்சிருப்பாரு. வீடியோவும் அப்படித்தான், எந்த எடத்துல அடைச்சிருக்குன்னு தெரியாம சர்வரைப் பெருசாக்குறது வெட்டி செலவு.

அதனால ஃபோன் எடுத்ததும் லேப்டாப்பைத் தொறக்காதீங்க, நாலு கேள்வி கேளுங்க. உங்களுக்கு மட்டுமா, வீட்ல இருக்கற இன்னொரு ஃபோன்லயுமா? வைஃபையா, சிம் நெட்டா? வீடியோல எந்த எடத்துல நிக்குது, ஆரம்பத்துலயா, நடுவுலயா, எப்பப் பாத்தாலும் அதே எடத்துலயா? காலைல பாத்தா வருதா? எப்பவும் ஒரே எடத்துல நின்னா ஃபைல்ல கோளாறு. ஒரு நேரத்துல மட்டும் எல்லாருக்கும் நின்னா சர்வரோ லைனோ கொள்ளல. ஒரே நெட்வொர்க்காரங்களுக்கு மட்டும்னா வழியில சிக்கல். ஒரு மாடல் ஃபோனுக்கோ டிவிக்கோ மட்டும்னா பெரும்பாலும் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைக்கற முறை. இனிமே ஒவ்வொண்ணா பாப்போம், ஜனங்க சொல்ற வார்த்தையிலயே.

"ப்ளே அமுக்கி டீ குடிச்சிட்டு வந்தாத்தான் ஆரம்பிக்குது, அப்பறம் நல்லா ஓடுது"

எம்பி4 ஃபைலை அப்படியே தூக்கி சர்வர்ல போட்டவங்களுக்கு வர்ற வியாதி இது. எம்பி4க்குள்ள மூவ்னு ஒரு பெட்டி இருக்கும், எந்த ஃப்ரேம் ஃபைல்ல எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை, அது இல்லாம பிளேயரால ஒரு ஃப்ரேம் கூட காட்ட முடியாது. எடிட்டிங் சாஃப்ட்வேர் பலதும் எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு அந்த அட்டவணையைக் கடைசில ஒட்டும், ஏன்னா முடிச்சாத்தானே கணக்கு தெரியும். பிளேயர் முதல்ல ஆரம்பத்தைப் படிக்கும், அட்டவணை இல்ல, ஃபைல் கடைசிக்குப் போயி எடுத்துட்டு திரும்ப வரும். சர்வர் அப்படி நடுவுலேருந்து குடுக்கத் தெரிஞ்சதா இருந்தா கொஞ்ச நேரம்தான் லேட்டு, தெரியாத சர்வரா இருந்தா முழு 2 ஜிபியும் எறங்கினாத்தான் படம்.

பிரவுசர்ல டெவலப்பர் டூல் தொறந்து நெட்வொர்க் டேப்ல பாருங்க, பதில் 206னு வந்தா சர்வர் துண்டு துண்டா குடுக்குது, 200னு மட்டும் வந்தா குடுக்கல, ஐஃபோன்ல அந்த மாதிரி சர்வர்லேருந்து வீடியோ ஓடவே ஓடாது. அட்டவணையை முன்னாடி கொண்டு வர எஃப்எஃப்எம்பெக்ல (வீடியோவை மாத்தற இலவச சாஃப்ட்வேர்) ஃபாஸ்ட்ஸ்டார்ட்னு ஒரு ஃப்ளாக் இருக்கு, காப்பி மோடுல ஓட்டினா போதும், திரும்ப என்கோட் பண்ண (படத்தைப் புதுசா சுருக்கி எழுத) வேண்டாம், ரெண்டு மூணு நிமிஷ வேலை. இதுக்குப் போயி ஒருத்தர் புது சர்வர் வாங்கினதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

"ஒரு மணி நேரக் கச்சேரின்னு போட்டிருக்கீங்க, மங்களம் மட்டும்தான் வருது"

இது நானே வாங்கிக் கட்டிக்கிட்டது. எம்பி4 வேண்டாம், துண்டு துண்டா வெட்டி எச்எல்எஸ்ல குடுப்போம்னு மாறின புதுசு. எச்எல்எஸ்ங்கறது ஆப்பிள் 2009ல கொண்டு வந்த முறை, வீடியோவை சின்னச் சின்ன ஃபைலா வெட்டி, அதோட வரிசையை எம்3யு8ங்கற ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வைக்கும், 2017ல ஆர்எஃப்சி 8216ன்னு வெளிவந்துச்சு. ராத்திரி பூரா என்கோட் ஓட்டி, காலைல லிங்க் அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல ஒரு பெரியவர் ஃபோன்ல, "தம்பி, ஆலாபனையைக் காணும், எடுத்த எடுப்புல மங்களம் பாடறாங்க, அம்பது செகண்டுல முடிஞ்சு போச்சு"ங்கறாரு.

அந்த அம்பது செகண்டு எப்படி வந்துச்சுன்னு பாருங்க. எஃப்எஃப்எம்பெக் எச்எல்எஸ் லிஸ்ட் சைஸ்ங்கற ஆப்ஷனை நாம சொல்லலன்னா 5னு எடுத்துக்கும், லைவ் ஓட்டறவங்களுக்காக வச்ச டீஃபால்ட் அது, கடைசி அஞ்சு துண்டு மட்டும் பட்டியல்ல இருக்கும். துண்டு நீளம் டீஃபால்ட் ரெண்டு செகண்டு, ஆனா வெட்டறது கீஃப்ரேம்ல, அதாவது முந்தின ஃப்ரேமை நம்பாம முழுப் படமா இருக்கற ஃப்ரேம்ல மட்டும்தான் வெட்ட முடியும், எக்ஸ்264ங்கற என்கோடர் டீஃபால்ட்ல கீஃப்ரேம் 250 ஃப்ரேமுக்கு ஒண்ணு, நம்ம கேமரா செகண்டுக்கு 25 ஃப்ரேம், மேடைல ஒரே ஷாட்டு அசையாம நிக்குது, அப்போ துண்டு ஒண்ணு பத்து செகண்டு, அஞ்சு துண்டு அம்பது செகண்டு. லிஸ்ட் சைஸை 0ன்னு வைங்க, இல்ல பிளேலிஸ்ட் டைப் விஓடின்னு (லைவ் இல்ல, நெனைச்சப்ப பாக்கறது) சொல்லிடுங்க, அவ்வளவுதான். துண்டு எல்லாம் டிஸ்க்லயே இருந்துச்சு, பட்டியல்தான் குட்டை.

இதுக்கு ஒரு தம்பி வியாதி உண்டு: வீடியோ முழுசா இருக்கு, ஆனா கடைசிக்கிட்டேருந்து ஆரம்பிக்குது, கீழ "லைவ்"னு காட்டுது. எம்3யு8ஐ நோட்பேட்ல தொறந்து கடைசி வரியைப் பாருங்க, எண்ட்லிஸ்ட்னு முடியணும். என்கோட் ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போயிடுச்சுன்னா அந்த வரி இல்லாம போயிடும், பிளேயர் இன்னும் வருதுபோலன்னு நெனைச்சு கடைசிலேருந்து மூணு துண்டு பின்னாடி நின்னு காத்துக்கிட்டு இருக்கும். இன்வர்ட்டர் பேட்டரியை மாத்துங்க, என்கோடை திரும்ப ஓட்டுங்க, கையால அந்த வரியைச் சேத்து ஏமாத்தாதீங்க, கடைசித் துண்டு அரையும் கொறையுமா இருக்கும்.

"குவாலிட்டி மாறுறப்ப திக்கித் திக்கி வருது"

நெட்டுக்குத் தகுந்த மாதிரி 240, 480, 720னு மூணு நாலு வரிசை வச்சிருப்போம், பிளேயர் தானா மாத்திக்கும். மாத்தற எடத்துல எல்லா வரிசையிலயும் ஒரே நொடியில கீஃப்ரேம் இருக்கணும். ஒவ்வொண்ணையும் தனித்தனியா டீஃபால்ட்ல என்கோட் பண்ணீங்கன்னா 480ல ஒரு எடத்துல விழும், 720ல வேற எடத்துல விழும், தாவுறப்ப காலு தடுக்கும். ரெண்டு செகண்டுக்கு ஒரு கீஃப்ரேம்னு எல்லாத்துக்கும் கட்டாயம் பண்ணுங்க (25 ஃப்ரேம்னா 50க்கு ஒண்ணு), காட்சி மாறினா கீஃப்ரேம் போடறதை நிறுத்தி வைங்க, துண்டு ஆறு செகண்டு. ஆப்பிளும் இதே ரெண்டையும் ஆறையும்தான் சொல்லுது.

நிக்காம மேலயும் கீழயும் தாவிக்கிட்டே இருந்தா மாஸ்டர் பிளேலிஸ்ட்ல (எல்லா வரிசையையும் பட்டியல் போடற எம்3யு8) பேண்ட்விட்த்னு போட்டிருக்கற நம்பரைப் பாருங்க. அங்க உச்சகட்ட பிட்ரேட்டை (ஒரு செகண்டுக்கு எவ்வளவு டேட்டாங்கற கணக்கு) போடணும், நம்மாளுங்க சராசரியைப் போட்டுடறாங்க. அசையாத மேடைக்கு சராசரி கம்மியா இருக்கும், வாணவேடிக்கை வர்ற எடத்துல மூணு மடங்கு எகிறும், பிளேயர் ஏமாந்துடும்.

"காலைல நல்லா ஓடிச்சு, ராத்திரி எட்டு மணிக்கு எல்லாருக்கும் நிக்குது"

இங்க கொஞ்சம் உக்காந்து கணக்கு போடணும். ஒருத்தர் 2 எம்பிபிஎஸ் வீடியோ பாக்கறாரு, உங்க சர்வர் போர்ட்டு (நெட் லைன் சேர்ற வாசல்) 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ், வகுத்தா 500 பேரு. காகிதத்துலதான் 500, நெசத்துல 400 தாண்டினாலே மூச்சு வாங்கும். கும்பாபிஷேகத்துக்கு ரெண்டாயிரம் பேர் ஒரே நேரத்துல வந்தா 4 ஜிபிபிஎஸ், போர்ட்டு எப்படித் தாங்கும்? சிபியு 10 சதவீதத்துல சும்மா உக்காந்திருக்கும், அதைப் பாத்துட்டு "சர்வர் நல்லாத்தான் இருக்கு"ன்னு சொல்லிடுவோம், பாக்க வேண்டியது நெட்வொர்க் கிராஃப், மலை மாதிரி ஏறி உச்சியில மேசை போட்ட மாதிரி தட்டையா நின்னுச்சுன்னா போர்ட்டு ரொம்பிடுச்சுன்னு அர்த்தம்.

அதுக்குத்தான் நடுவுல கேஷ். தாய் சர்வர்ல ஒரே ஒரு காப்பி, ஜனங்க இருக்கற பக்கம் சென்னை, சிங்கப்பூர்னு எட்ஜ் சர்வர், ஒரு துண்டை முதல் ஆள் கேட்டா தாய்கிட்டேருந்து வாங்கி வச்சுக்கும், அடுத்த ஆளுக்கு தன்கிட்டேருந்தே குடுக்கும். ஹிட் ரேஷியோ (நூத்துல எத்தனை தடவை எட்ஜே குடுத்துச்சுங்கறது) 95 சதவீதம்னா சந்தோஷப்பட்டுடாதீங்க, 99க்குப் போனா தாய் சர்வருக்கு வர்ற சுமை அஞ்சுல ஒரு பங்காயிடும், 5 பேர் வர்ற எடத்துல 1 ஆள்தானே வர்றாரு.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். எட்ஜ் எல்லாம் வாடகைக்கு எடுத்து, காசு கட்டி, இனிமே கவலையே இல்லன்னு இருந்தேன். விசேஷ நாள் ராத்திரி தாய் சர்வர் கவுந்துடுச்சு. லாக்கைத் தொறந்தா வரிக்கு வரி மிஸ், மிஸ், மிஸ், ஹிட்டுன்னு ஒரு வரி கூட இல்ல. ஹோஸ்டிங்காரங்களுக்கு ஃபோன் போட்டா "பெரிய பிளான் எடுங்க சார்"ங்கறாங்க. ஒரு மணி நேரம் அந்த லாக்கை வெறிச்சுப் பாத்துட்டு இருந்தப்பதான் கண்ணுல பட்டுச்சு, எல்லா வரியிலயும் அதே 41ஆம் நம்பர் துண்டுதான், ஆனா பின்னாடி கேள்விக்குறி போட்டு நீளமா ஒரு டோக்கன், ஆளுக்கு ஒரு டோக்கன். லிங்க்கை எவனும் திருடிடக் கூடாதுன்னு நானே ஆசையா போட்டது. எஞ்சின்எக்ஸ் (எட்ஜ்ல ஓடற சர்வர் சாஃப்ட்வேர்) கேஷ் கீ டீஃபால்ட்ல கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கறதையும் சேத்துத்தான் பேரா வச்சுக்கும், அதுக்கு 41ஆம் துண்டு ஒண்ணு கெடையாது, ரெண்டாயிரம் பேருக்கு ரெண்டாயிரம் 41. எல்லாரும் வாய்க்காலை விட்டுட்டு நேரா டேமுக்கே கொடத்தைத் தூக்கிட்டு வந்த கதை.

சரி பண்றது ஒரு வரிதான், கேஷ் கீயில ரிக்வெஸ்ட் யூஆர்ஐக்குப் பதிலா வெறும் யூஆர்ஐ, அதுல கேள்விக்குறிக்குப் பின்னாடி இருக்கறது வராது. ஆனா ஒண்ணு, டோக்கன் சரியான்னு எட்ஜ்லயே பாத்துட்டு அப்பறம்தான் கேஷைத் தொறக்கணும், அந்த செக்கைத் தூக்கிட்டு கீயை மட்டும் மாத்தினா யாரு வேணா பாக்கலாம்னு ஆயிடும்.

அடுத்து, லிங்க்கை வாட்ஸ்அப் குரூப்ல போட்ட அடுத்த நிமிஷம் எல்லாரும் ஒரே துண்டைக் கேப்பாங்க, கேஷ் காலியா இருக்கும், முதல் ஆளுக்கு வந்து சேர்றதுக்குள்ள மீதி முந்நூறு பேருக்கும் தனித்தனியா தாய்கிட்ட ஓடும். பிராக்ஸி கேஷ் லாக்குன்னு ஒரு செட்டிங், டீஃபால்ட்ல ஆஃப், ஆன் பண்ணுங்க, ஒரு ஆள் போயி வாங்கிட்டு வர்ற வரைக்கும் மத்தவங்க நிப்பாங்க. முறை வச்சு தண்ணி பாச்சுற ஊர்க்காரனுக்கு இதைப் போயி விளக்கணுமா என்ன. அப்பறம் லிங்க் போடறதுக்கு முன்னாடி முதல் பத்து நிமிஷத் துண்டுகளை ஒவ்வொரு எட்ஜ் வழியாவும் நீங்களே ஒருவாட்டி இழுத்து வச்சிடுங்க, ஜனங்க அதிகமா பாக்கறது அந்த ஆரம்பத்தைத்தான், பாதிப் பேரு கலசத்துல தண்ணி ஊத்தற எடத்தைப் பாத்துட்டு போயிடுவாங்க.

அப்லோட் முடியறதுக்கு முன்னாடி ஆர்வக்கோளாறுல லிங்க்கை அனுப்பிடாதீங்க. முதல்ல தொறந்தவருக்கு 404 (ஃபைல் இல்லங்கற பதில்) வரும், சில எட்ஜ் அந்த 404ஐயும் கேஷ்ல வச்சுக்கும், உங்களுக்கு வருது அவங்களுக்கு வரலன்னு மண்டை காயும். பர்ஜ் பண்ணினா (கேஷைக் காலி பண்ணினா) போயிடும்.

"வீட்டு வைஃபைல வருது, சிம் நெட்ல வரல"

மொபைல் நெட்வொர்க்ல ஆளுக்கு ஒரு ஐபி4 முகவரி கெடையாது, ஆயிரக்கணக்கான பேரு ஒரே முகவரிக்குப் பின்னாடி நிப்பாங்க. நீங்க டவுன்லோட் பண்றவங்களைத் தடுக்கறேன்னு ஒரு ஐபிக்கு பத்து கனெக்ஷன்தான்னு எஞ்சின்எக்ஸ்ல லிமிட் வச்சிருந்தீங்கன்னா பதினொண்ணாவது ஆளுக்கு 503 (இப்ப முடியாதுங்கற பதில்) போகும், பாவம் அவரு என்ன பண்ணுவாரு, அவருக்கு முன்னாடி பத்து பேரு வேற வேற ஊர்ல உக்காந்து பாத்துட்டு இருக்காங்க. லிமிட்டை ஐபி மேல வைக்காதீங்க, லாகின் மேலயோ டோக்கன் மேலயோ வைங்க.

அது இல்லன்னா ஐபி6ஐப் பாருங்க, ஐபி4க்கு அப்பறம் வந்த புது முகவரி முறை. சிம் நெட்ல ஐபி6தான் முதல்ல போகும். சர்வரை வேற எடத்துக்கு மாத்தினப்ப டிஎன்எஸ்ல (பேருக்கு முகவரி சொல்ற பட்டியல்) ஐபி4க்கான ஏ ரெக்கார்டை மாத்திட்டு ஐபி6க்கான ஏஏஏஏ ரெக்கார்டை பழைய முகவரியிலயே விட்டிருப்பீங்க. உங்க ஆபீஸ்ல ஐபி4 மட்டும்தான் இருக்கும், உங்களுக்கு எல்லாம் நல்லாத்தான் தெரியும்.

"எங்க கேபிள்காரர் லைன்ல மட்டும் வரல, ஆப் தொறக்குது, வீடியோ கறுப்பு"

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஊரே இப்படி சொல்லிச்சு. லைன் குடுக்கற தம்பி நல்ல பையன், "அண்ணே, யூடியூப் 4கே ஓடுது, உங்க சர்வர்தான் மொக்கை"ன்னு சிரிக்கிறான். நேர்ல போயி அவன் வீட்டுத் திண்ணைலயே லேப்டாப்பை வச்சு பிங் அடிச்சு பாத்தேன், உடைக்கக் கூடாதுங்கற ஃப்ளாக்கோட 1472 பைட், பதில் இல்ல. 1464 போட்டேன், வந்துடுச்சு, தலைப்பு 28 பைட்டும் சேத்தா 1492. எட்டு பைட்டு.

பிபிபிஓஇ (கேபிள்காரங்க லைன் குடுக்கற ஒரு முறை) லைன்ல ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் எட்டு பைட் அதுக்குன்னு எடுத்துக்கும், அதனால 1500க்குப் பதிலா 1492தான் போகும். பெரிய பாக்கெட் வந்தா நடுவுல இருக்கற ரவுட்டர் "இது பெருசு, சின்னதா அனுப்பு"ன்னு அனுப்பின சர்வருக்கு ஐசிஎம்பி மெசேஜ் அனுப்பும். அந்த மெசேஜ் வந்து சேரலன்னா சர்வர் திரும்பத் திரும்ப அதே பெரிய பாக்கெட்டை அனுப்பிட்டே இருக்கும், சின்ன பாக்கெட் எல்லாம் போகும், வீடியோ போகாது. ஆப் மெனு தொறந்ததுக்குக் காரணம் அது வேற சர்வர்லேருந்து வருது. சரி, மெசேஜை யாரு தடுத்தது? நாந்தான். செக்யூரிட்டின்னு யாரோ சொன்னாங்கன்னு ஃபயர்வால்ல பிங்கை மட்டும் விட்டுட்டு மத்த ஐசிஎம்பி மொத்தத்தையும் அடைச்சு வச்சிருந்தேன். அவன் பக்கம் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டுல போற டேட்டா அளவு) 1452க்கு கிளாம்ப் பண்ணான், என் பக்கம் அந்த ஒரு வகை ஐசிஎம்பியைத் தொறந்து விட்டு, லினக்ஸ்ல டிசிபி எம்டியு புரோபிங்கை (பெரிய பாக்கெட் போகலன்னா தானா சின்னதாக்கிப் பாக்கறது) 1ன்னு வச்சேன். அவன் முன்னாடி அன்னிக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல, நல்லவேளை அவங்க அம்மா காபி கொண்டு வந்தாங்க.

"சவுண்டு வருது, படம் வரல"

ஆடியோவை மட்டும் தனி வரிசையா வைக்காத வரைக்கும், சவுண்டு வந்துட்டா நெட்டு மேல சந்தேகமே வேண்டாம், கோடெக்தான். ரெண்டு வகை. ஒண்ணு, எச்.265ல என்கோட் பண்ணிட்டீங்க, பழைய ஃபோனுக்கு அது தெரியாது. ஆப்பிள்ல தெரியும், ஆனா ஃபைல்ல எச்விசி1னு அடையாளம் இருக்கணும், எஃப்எஃப்எம்பெக் எம்பி4ல டீஃபால்ட்டா எச்இவி1னு போடும், டேக்கை மாத்தினா போதும். இன்னொண்ணு, கல்யாணத்துக்கு எடுக்கற புது கேமரா 4:2:2 10 பிட்ல (கலரை அதிகமா சேமிக்கற முறை) எடுக்குது, அதை அப்படியே எச்.264 ஆக்கினா லேப்டாப்ல விஎல்சில ஜம்முனு ஓடும், ஃபோன்ல கறுப்பு. பிக்சல் ஃபார்மேட்டை 4:2:0 8 பிட்டுக்கு மாத்துங்க. ஊர் பூரா பாக்கணும்னா எச்.264தான், டேட்டா மிச்சம் பண்ணணும்னா எச்.265ஐ கூட இன்னொரு வரிசையா வைங்க, அதை மட்டும் நம்பாதீங்க.

"தவுல் அடிக்கறதுக்கும் சத்தத்துக்கும் ஒட்டல"

லிப் சின்க் பாக்க எங்களுக்கு பாட்டுக்காரர் வாய் தேவையில்ல, தவுல்காரரோட இடது கை குச்சியைப் பாத்தா போதும், தொப்பில (தவுலோட இடது முகம்) குச்சி விழற ஃப்ரேம்ல சத்தம் வரணும். ஆரம்பத்துல பாருங்க, அம்பதாவது நிமிஷத்துல ஒருவாட்டி பாருங்க. ரெண்டு எடத்துலயும் ஒரே அளவு தள்ளியிருந்தா எடிட்டிங்ல நகந்திருக்கு, இல்ல பாக்கறவர் பிளூடூத் ஸ்பீக்கர் போட்டிருக்காரு, கேளுங்க. ஆரம்பத்துல சரியா இருந்து போகப் போக விலகினா ஃபோன்ல எடுத்த வீடியோ, ஃபோன் கேமரா ஃப்ரேம் ரேட்டை வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி ஏத்தி எறக்கும், மீடியாஇன்ஃபோல பாத்தா வேரியபிள்னு காட்டும். எடிட்டிங்குக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடியே நிலையான 25க்கோ 30க்கோ மாத்திடுங்க. தனி ரெக்கார்டர்ல சவுண்டு எடுத்திருந்தாலும் ஒரு மணி நேரத்துல கொஞ்சம் விலகும், நடுவுல ரெண்டு எடத்துல வெட்டி ஒட்டறதைத் தவிர எனக்கு வேற வழி அமையல.

"பாஸ் பண்ணிட்டு சாப்புட்டு வந்தேன், வரமாட்டேங்குது"

403, அதாவது அனுமதி இல்ல. டோக்கன் காலாவதி. அஞ்சு நிமிஷம்னு வச்சிருந்தா சோறு திங்கவே பத்தாது, வீடியோ நீளத்தை விட ரெண்டு மூணு மணி நேரம் கூடவே வைங்க. ரெண்டு சர்வர்ல கடிகாரம் ஒத்துப் போகலன்னாலும் இதே 403தான், என்டிபி (கடிகாரத்தைச் சரியா வைக்கற சர்வீஸ்) ஓடுதான்னு பாருங்க.

"பழைய டிவி பாக்ஸ்ல மட்டும் வரல"

சர்டிஃபிகேட். லெட்ஸ் என்க்ரிப்ட் (இலவச சர்டிஃபிகேட்) போட்டிருந்தா, 7.1.1க்கு முந்தின ஆண்ட்ராய்டுக்கு அதோட ரூட் (சர்டிஃபிகேட்டை நம்பச் சொல்ற மூலக் கையெழுத்து) தெரியாது, முன்னாடி வேற ஒரு பழைய ரூட்டோட தயவுல ஓடிட்டு இருந்துச்சு, அது 2021 செப்டம்பர் 30ல காலாவதியானாலும் பழைய ஆண்ட்ராய்டு அதைக் கண்டுக்காம ஓடுச்சு, 2024ல அந்த வழியும் மூடிடுச்சு. அந்த பாக்ஸுக்கு அப்டேட் வராது. அந்த மாதிரி பாக்ஸ் வச்சிருக்கறவங்க நெறைய பேர்னா வேற சர்டிஃபிகேட் வாங்குங்க, ரெண்டு பேர்னா பாக்ஸை மாத்தச் சொல்லுங்க.

"சிங்கப்பூர்ல சுத்துது, ஊர்ல நல்லா வருது"

எட்ஜ் அங்க இல்லன்னா ஒவ்வொரு துண்டும் கடல் தாண்டிப் போகணும். கண்ணாடி இழையில வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும், அப்போ ஆயிரம் கிலோமீட்டருக்கு போக வர 10 மில்லிசெகண்டு, சென்னைலேருந்து சிங்கப்பூர் நேர்கோட்டுல பாத்தாலே 2900 கிலோமீட்டர் சொச்சம், எந்த சர்வர் வாங்கினாலும் 29 மில்லிசெகண்டுக்குக் கீழ வராது. தூரம் கூடக் கூட ஒரு பாக்கெட் விழுந்தா மறுபடி வேகம் புடிக்க நேரம் ஆகும். ஒவ்வொரு துண்டுக்கும் புதுசா கனெக்ஷன் போடாம கீப் அலைவ் ஆன்ல இருக்கான்னு பாருங்க. கூகுள் 2016ல குடுத்த பிபிஆர் (டேட்டா அனுப்பற வேகத்தை முடிவு பண்ற முறை) லினக்ஸ் கெர்னல் 4.9லேருந்து இருக்கு, அங்கங்க பாக்கெட் விழற நீண்ட தூர லைனுக்கு அது நல்லா வேலை செய்யுது, எனக்கு துபாய் கம்ப்ளைன்ட் பாதியா கொறைஞ்சது அதுலதான். ஆனா கூட்டம் நெறைய இருந்தா அங்க ஒரு எட்ஜ் எடுத்துடறதுதான் லாபம்.

"ஒன்றரை மணி நேரம் நல்லா ஓடி டப்புன்னு நின்னுடுச்சு, ராத்திரி பன்னெண்டுக்கு மேல தானா சரியாச்சு"

இதுக்கு ரெண்டு வாரம் லாக்கைத் தோண்டினேன். வலங்கைமான் பக்கம் ஒரு மாமா, தெனம் ஒரு கச்சேரி பாக்கறவரு, தெனம் ஏறக்குறைய அதே நேரத்துல நிக்குது. கடைசில அவரோட ரீசார்ஜ் பிளானைக் கேட்டேன், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. 2 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி திங்கும், 1.5 ஜிபி ஒரு மணி நாப்பது நிமிஷத்துல காலி. காலைல வாட்ஸ்அப் கொஞ்சம் பாத்திருப்பாரு, ஆக ஒன்றரை மணி. தீந்ததும் பல பிளான்ல 64 கேபிபிஎஸ்க்கு எறக்கிடுவாங்க, எங்ககிட்ட இருந்த அடி வரிசையே 400 கேபிபிஎஸ், அதுக்குக் கீழ போக எடமே இல்ல, சுத்தாம என்ன பண்ணும்?

மொபைல்ல பாக்கறவங்களுக்கு 480ஐ 700 கேபிபிஎஸ்ல டீஃபால்ட்டா வச்சேன், ஒரு மணி நேரத்துக்கு 315 எம்பி, அதே 1.5 ஜிபில நாலே முக்கா மணி நேரம் தாங்கும். கச்சேரிக்கு மட்டும் 32 கேபிபிஎஸ்ல எச்இ ஏஏசி ஆடியோ தனியா ஒரு வரிசை சேத்தேன், படம் நின்னாலும் நாதஸ்வரம் நிக்காது, மாமாவுக்கு அது போதும்னு சொல்லிட்டாரு. அந்த ஆடியோ வரிசையை மாஸ்டர் பிளேலிஸ்ட்ல கடைசில வைங்க, ஆப்பிள் பிளேயர் முதல்ல எழுதியிருக்கறதை எடுத்துத்தான் ஆரம்பிக்கும். நான் தெரியாம மேல வச்சுட்டேன், அன்னிக்கு ஐஃபோன் வச்சிருந்த அத்தனை பேரும் "சவுண்டு வருது, படம் வரல"ன்னு ஃபோன் பண்ணாங்க.